தாத்தாவின் எபிரேயப் புத்தகமும் ஆபீஸ் இத்தாலியமும்

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு மொழி படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களில் இரண்டு பேர் இத்தாலிக்காரர்கள், அதனால் இத்தாலியன் படித்தால் நல்லது என்கிறார் மேனேஜர். அதுதான் சுலபம் என்று தோழிகளும் சொல்கிறார்கள். ஆனால் என் தாத்தா சபை ஊழியராக இருந்தவர். அவர் வைத்திருந்த எபிரேய இலக்கணப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலில் எபிரேயத்தில் ஏதேதோ எழுதி வைத்திருக்கிறார், எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களை எபிரேய மூலத்திலேயே வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை, இப்போது எனக்கும் அதே ஆசை. இரண்டில் எது சுலபம்? எதை முதலில் படிக்கலாம்? சேர்த்தே படிக்க முடியுமா? தாத்தாவின் புத்தகத்தை வைத்தே தொடங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். எபிரேயம் படியுங்கள். ஹீப்ரு என்று பத்திரிகைகளில் எழுதுவதும் பைபிளில் எபிரேயம் என்று இருப்பதும் ஒரே மொழிதான், உங்கள் வீட்டுப் பழக்கப்படி நானும் எபிரேயம் என்றே எழுதுகிறேன். இத்தாலியம் எளிது என்று உங்கள் தோழிகள் சொல்வதில் தவறில்லை. ஆனால் ‘எளிது’ என்று சொல்லும்போது யாருக்கு எளிது, எதைச் செய்ய எளிது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் விஷயத்தில் அந்த இரண்டு கேள்விகளும்தான் முக்கியம்.

இணையத்தில் எல்லாரும் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் எத்தனை மணி நேர வகுப்பு தேவைப்படுகிறது என்று தன் அனுபவத்தில் ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. அதில் இத்தாலியத்துக்கு ஏறக்குறைய 600 மணி நேரம், எபிரேயத்துக்கு 1,100. உங்கள் ஒரு மணி நேரத்தால் வகுத்தால் இத்தாலியத்துக்கு 20 மாதம், எபிரேயத்துக்கு மூன்று வருஷம். இதைப் பார்த்துத்தான் பலர் எபிரேயத்தைக் கைவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை வைத்துப் போட்டது, அதுவும் அலுவல் ரீதியாகப் பேசி எழுதி விவாதிக்கிற அளவுக்குத் தேற. நீங்கள் தமிழ் பேசுகிறவர். உங்களுக்கு வேண்டியது சங்கீதத்தை வாசிக்க. இரண்டு இடத்திலும் கணக்கு மாறுகிறது.

சரி, இத்தாலியத்தை முதலில் பார்த்துவிடுவோம். நான் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் மொழி அதுதான், அதனால் அதை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசுகிறவருக்கு இத்தாலியம் சில இடங்களில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ‘பேசுகிறேன்’ என்ற ஒரு சொல்லிலேயே ‘நான்’ இருக்கிறது இல்லையா, அவர்களும் ‘பார்லோ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், ‘இயோ’ என்ற ‘நான்’ தனியாக வேண்டியதில்லை. சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். அவர்களுடைய த நம் த-தான். ஆங்கிலப் பழக்கத்தில் ‘டுட்டோ’ என்று சொல்லும் மாணவர்களிடம் ‘துத்தோ’ என்று தமிழாகச் சொல்லுங்கள் என்றால் அடுத்த நிமிஷமே சரியாக வருகிறது. ஐரோப்பியர்கள் பலர் திணறும் ஞ ஒலி நமக்குக் குழந்தையிலிருந்தே உண்டு. படி, பட்டி என்று ஒற்றை இரட்டிப்பதால் பொருள் மாறுவதும் நமக்குப் புதிதில்லை. அங்கே ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா.

ஆனால் எந்தப் புத்தகத்திலும் எழுதாத ஒரு குழி நமக்கென்று இருக்கிறது. உங்கள் வேலைக்கு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இத்தாலியத்தில் ‘எவ்வளவு’ என்பதற்கு ஒரு சொல், ‘எப்போது’ என்பதற்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘க்வாந்தோ’ என்றுதான் எழுத வேண்டும். வித்தியாசம் த-வில் இருக்கிறது. ‘எவ்வளவு’ என்பதில் ‘பத்து’ என்று சொல்லும்போது வரும் வல்லோசை, ‘எப்போது’ என்பதில் ‘பந்து’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ஓசை. தமிழில் ந்-க்குப் பின்னால் த வந்தால் வாய் தானாகவே மெல்லிய ஓசைக்குப் போய்விடும், நாம் கவனிப்பதுகூட இல்லை. என்னிடம் படித்த ஒருவர், இலக்கணத்தில் வகுப்பிலேயே முதலாவது, போனில் ‘எவ்வளவு பீஸ்’ என்று கேட்க, எதிர்முனையில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அளவும் தேதியும் குழம்பினால் உங்கள் தொழிலில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘இருபது’ என்பதும் ‘நீ விற்கிறாய்’ என்பதும் இதே மாதிரி ஒரே வார்த்தையாகிவிடும், ‘வெந்தி’. சாப்பிடுகிற பாஸ்தாவும் ‘போதும்’ என்று சொல்லும் பாஸ்தாவும் முதல் எழுத்தின் ஓசையில் மட்டுமே வேறு. ஆகவே என்றைக்கு இத்தாலியம் தொடங்கினாலும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிப் படிக்காதீர்கள். காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லி, ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் இதற்கே போனாலும் வீணில்லை.

மற்றபடி இத்தாலியம் வாசலில் உட்காரவைத்து உபசரிக்கும் மொழி. முதல் வாரத்திலேயே காபி வாங்கலாம், வழி கேட்கலாம். கஷ்டமெல்லாம் ஆறு மாதம் கழித்து வரும். மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால். நமக்கோ உயிரில்லாததெல்லாம் அஃறிணை, அதில் ஆண் ஏது பெண் ஏது. ‘போனேன்’ என்று சொல்ல நமக்கு ஒரு சொல் போதும், அங்கே ஆண் ‘சோனோ அந்தாதோ’ என்பார், நீங்கள் ‘சோனோ அந்தாதா’ என்று சொல்ல வேண்டும். ஆனால் ‘சாப்பிட்டேன்’ என்று சொல்ல வேறு துணைவினை, அதற்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. எந்த வினைக்கு எந்தத் துணை என்பது பழகப் பழகத்தான் வரும். நினைக்கிறேன், சந்தேகப்படுகிறேன், வேண்டும் என்கிற மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் வினை இன்னொரு வடிவம் எடுக்கும், அதில்தான் பெரும்பாலான மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். மரியாதை விஷயத்தில் மட்டும் நமக்குக் கஷ்டமே இல்லை. தெரியாதவரை ‘லேய்’ என்று அழைப்பார்கள், நம் ‘நீங்கள்’ போல, சொல்லைப் பார்த்தால் ‘அவள்’ என்று பொருள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆகும், தமிழருக்கு ஒரு வாக்கியம் போதும்.

பேசுவதற்கு ஆளும் இத்தாலியத்துக்கு நிறைய உண்டு. சிசிலியின் பலெர்மோ நகரில் ஈழத்துத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள், மோந்தே பெல்லெக்ரினோ மலையில் உள்ள புனித ரொசாலியா கோயிலுக்கு இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக ஏறிப் போகிறார்கள். சியேனா, பெருஜா இரண்டு ஊர்களின் வெளிநாட்டவர் பல்கலைக்கழகங்களும் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகின்றன. டெல்லியிலும் மும்பையிலும் இத்தாலியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், உங்கள் பையர்கள் உங்களோடு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவர்கள். நீங்கள் இரண்டு வருஷம் இத்தாலியம் படித்த பிறகும் ஆர்டர் ஆங்கிலத்தில்தான் வரும். அவர்கள் ஊருக்கு வரும்போது வரவேற்க, நலம் விசாரிக்க, எண்கள் சொல்ல, நன்றி சொல்ல நாற்பது ஐம்பது வாக்கியம் போதும், அதை இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் படித்துவிடலாம். மேனேஜர் உங்களை மிலானுக்கு அனுப்பி அங்கே ஒரு வருஷம் இருக்கச் சொன்னால் என் பதில் வேறு மாதிரி இருக்கும். அப்படி ஒன்றும் நீங்கள் எழுதவில்லை.

இப்போது எபிரேயம். இது இத்தாலியத்துக்கு நேர்மாறு, வாசலிலேயே தடுத்து நிறுத்தும். வலமிருந்து இடமாக எழுத்து, 22 எழுத்துகள், அதில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வந்தால் உருவம் மாறும். உச்சரிப்பு ஒன்றாகவே இருந்தும் எழுத்து வேறாக இருப்பவை பல, நமக்கு ந, ன மாதிரி, எது எந்தச் சொல்லில் வரும் என்று மனப்பாடம்தான். எல்லாரும் பயமுறுத்தும் பெரிய விஷயம், உயிர் ஒலிகளைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள் என்பது. இன்றைய இஸ்ரேலியச் செய்தித்தாளில் ஸ, ப, ர என்று மூன்று மெய் மட்டும் அச்சாகியிருக்கும். அதை ‘ஸேஃபெர்’ என்று படித்தால் புத்தகம், ‘ஸபார்’ என்று படித்தால் முடி திருத்துபவர், ‘ஸஃபார்’ என்றால் எண்ணினான். இடம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் நம் முன்னோர் ஓலைச்சுவடியை எப்படிப் படித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சுவடியில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகரமா ஏகாரமா என்பதற்கும் அடையாளம் இருக்காது, படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். எ, ஏ இரண்டையும் தனித்தனி வடிவத்தில் எழுதும் வழியைச் சீர்படுத்திக் கொடுத்தவர் வீரமாமுனிவர். அவர் இத்தாலிக்காரர், 1680-இல் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர், கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்பது இயற்பெயர். இத்தாலியத்துக்கும் நமக்கும் அவ்வளவு நெருக்கம் இருப்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். அந்த உயிரில்லா எழுத்துத் தொல்லை செய்தித்தாள் படிப்பவருக்கு. நீங்கள் படிக்கப்போவது சங்கீதம். அச்சிட்ட எபிரேய வேதாகமத்தில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் மேலும் புள்ளியும் கோடுமாக உயிர்க் குறிகள் இருக்கும். கலிலேயாக் கடலோரத் திபேரியாவில் இருந்த அறிஞர்கள், ஓதும் முறை மறந்துபோகக் கூடாது என்று கி.பி. முதல் ஆயிரம் ஆண்டு முடிவதற்குள் உருவாக்கிக் கொடுத்த குறிகள் அவை. ஆகவே எழுத்தும் குறியும் தெரிந்துவிட்டால் எந்தச் சங்கீதத்தையும் நீங்கள் வாய்விட்டு வாசித்துவிடலாம், பொருள் பின்னால் வரும். தினம் ஒரு மணி நேரம் என்றால் வாசிக்கத் தெரிய ஆறு வாரம் தாராளம், என் அனுபவத்தில் நம்மவர்கள் பலர் ஒரு மாதத்திலேயே வந்துவிடுகிறார்கள். எபிரேயத்தைப் பற்றி எல்லாரும் சொல்லும் கஷ்டங்களில் பெரியது உங்கள் வழியில் இல்லவே இல்லை.

அப்புறம், நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் எபிரேயம் வைத்திருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் பெத்தேல் என்று பெயர் வைத்த வீட்டைப் பார்க்காமலா வளர்ந்திருப்பீர்கள்? ‘பேத்’ என்றால் வீடு, ‘ஏல்’ என்றால் கடவுள். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அதே ‘வீடு’ என்ற சொல்லை வைத்துத்தான் இன்றைக்கு இஸ்ரேலில் பள்ளிக்கூடத்தைப் ‘புத்தக வீடு’ என்கிறார்கள், ஆஸ்பத்திரியை ‘நோயாளிகள் வீடு’ என்கிறார்கள். இம்மானுவேலில் ‘இம்மானு’ என்பது ‘நம்மோடு’. அல்லேலூயா என்பது ‘யா’வை, அதாவது கடவுளை, துதியுங்கள் என்று பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல். சிறு வயதிலிருந்து வாயில் இருக்கும் இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாலே இலக்கணத்தில் பாதி புரிந்துவிடும்.

எபிரேயத்தில் ஒரு சொல்லுக்கு மூன்று மெய்கள் வேர் மாதிரி. க, த, வ என்ற மூன்றும் எழுதுவதைக் குறிக்கும். ‘காத்தாவ்’ எழுதினான், ‘கோத்தேவ்’ எழுதுகிறான், ‘மிக்தாவ்’ கடிதம், ‘க்தோவெத்’ முகவரி. நடு உயிர்கள் மாறும், மூன்று மெய்யும் அப்படியே நிற்கும். முதல் நூறு வேர்கள்தான் கஷ்டம், அதன் பிறகு தெரியாத சொல்லைப் பார்த்தாலும் ‘இது எந்தக் குடும்பம்’ என்று தெரிந்துவிடும். இத்தாலியத்தில் பின்னால் வரும் கஷ்டம் இங்கே முன்னால் வந்துவிடுகிறது, முன்னால் கிடைக்கும் சந்தோஷம் பின்னால் கிடைக்கிறது.

இருபத்து மூன்றாம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள், எபிரேயத்தில் நாலே சொற்கள். ‘அதோனாய் ரோயி, லோ எஹ்ஸார்.’ ‘ரோயி’ என்றால் ‘என் மேய்ப்பர்’, கடைசி இகரம்தான் ‘என்’. இடையில் ஆங்கிலம் கேட்கும் அந்த ‘இஸ்’ இல்லை. ‘அவர் என் அண்ணன்’ என்று நாம் சொல்லுவதைப் போலவே பெயரை அடுத்துப் பெயர், வாக்கியம் முடிந்தது. ஆங்கிலேய மாணவர் இதற்கு ஒரு வாரம் செலவழிப்பார், உங்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘லோ’ என்றால் இல்லை. ‘எஹ்ஸார்’ என்ற சொல்லின் முதல் எகரம் ‘நான்’. தமிழில் ‘தாழ்ச்சியடையேன்’ என்பதன் ஏகாரம் வாலில் செய்யும் வேலையை அங்கே தலையில் இருக்கும் எழுத்து செய்கிறது. இதே சங்கீதத்தில் நாலாம் வசனத்தில் தமிழில் ‘தேவரீர்’ என்று இருக்கும் இடத்தில் எபிரேயத்தில் ‘அத்தா’, வெறும் ‘நீ’. எபிரேயத்தில் மரியாதைக்கு என்று தனியாக ‘நீங்கள்’ கிடையாது, கடவுளுக்கும் அதே ‘நீ’தான். முதன்முதலில் இதை மூலத்தில் பார்த்த அன்று நான் அந்த ஒரு சொல்லிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். உங்கள் தாத்தாவும் நின்றிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

கஷ்டமும் சொல்ல வேண்டும். வினைக்கு ஏழு அமைப்புகள் உண்டு, ஒரே வேர் அவற்றில் புகுந்து செய்வினை, செயப்பாட்டுவினை, பிறவினை என்று மாறும், அதைத் தாண்ட ஒரு வருஷம் ஆகும். எண்ணுப்பெயரில் பால் தலைகீழாக நிற்கும், மூன்று, நான்கு என்று எண்ணும்போது ஆண்பாலுக்குரியதுதான் பெண்பால் மாதிரி ‘ஆ’வில் முடியும். ‘நீ’ என்பதற்கே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. நிகழ்காலத்தில் உங்களைப் பற்றிச் சொல்லும்போதுகூட ‘லோமெதெத்’ என்று பெண்பாலில் சொல்ல வேண்டும், ஆண் என்றால் ‘லோமேத்’. மொழி கற்றுத்தரும் போன் ஆப்பில் வரும் ஆண்பால் வாக்கியங்களை அப்படியே பழகிவிட்டால் பிறகு மாற்றுவது சிரமம், முதல் நாளே உங்கள் வடிவத்தில் சொல்லிப் பழகுங்கள்.

வேதாகம எபிரேயமா, இன்றைய எபிரேயமா என்று அடுத்து ஒரு கேள்வி வரும். பேச்சு வழக்கிலிருந்து பல நூற்றாண்டுகள் விலகியிருந்த மொழி அது. வேதத்திலும் வழிபாட்டிலும் எழுத்திலும் மட்டும் இருந்தது. 1881-இல் யாப்பா துறைமுகத்தில் வந்து இறங்கிய எலியேசர் பென் யெஹுதா, தன் வீட்டில் வேறு மொழியே பேசக் கூடாது என்று வைராக்கியமாக நின்று பிள்ளையை அதிலேயே வளர்த்தார். அகராதிக்குக்கூட ஒரு சொல் இல்லாமல் ‘சொல்’ என்ற சொல்லிலிருந்து ‘மிலோன்’ என்று அவரே உருவாக்கினார். இப்படி எழுந்து வந்த மொழி என்பதால் பழையதற்கும் புதியதற்கும் சொற்கள் பெரும்பாலும் பொது, வினையின் காலமும் வாக்கிய அமைப்பும்தான் வேறு. பழையதில் ‘சொன்னார் தேவன்’ என்று வினை முன்னால் வரும். நீங்கள் வேதாகம எபிரேயத்திலேயே தொடங்குங்கள். நம் இறையியல் கல்லூரிகளில் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள், உங்கள் சபையின் ஆயரைக் கேட்டால் வாரம் ஒருமுறை திருத்திக்கொடுக்க ஒருவரைக் காட்டுவார். செஃபாரியா என்ற தளத்தில் உயிர்க் குறிகளோடு முழு எபிரேய வேதாகமமும் இலவசம்.

நமக்கும் அந்த மொழிக்கும் ஒரு சின்ன ஒட்டு. பைபிளில் சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த மயில்களைச் சொல்லும் ‘துக்கி’ என்ற சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய எபிரேயத்தில் அது கிளியைக் குறிக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமா என்று கேட்டீர்கள். இவை இரண்டும் ஒன்றோடு ஒன்று குழம்பாது, அவ்வளவு தூரம். குழம்புவது உங்கள் ஒரு மணி நேரம்தான். அரை மணி நேரமாகப் பிரித்தால் எபிரேய எழுத்து பதிவதற்குள் கடிகாரம் முடிந்துவிடும். முதல் வருஷம் ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த நாற்பது இத்தாலிய வாக்கியம்.

தாத்தாவின் புத்தகத்தை வைத்துத் தொடங்க வேண்டாம். அந்தக் காலத்து இலக்கணப் புத்தகங்கள் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைப்பில் எழுதியவை, தனியாக உட்கார்ந்து படித்தால் பத்தாம் பக்கத்தில் மனசு விட்டுப்போகும். ஒலியோடு சொல்லித்தரும் புதிய பாடத்தில் எழுத்தைப் பழகுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் முழுக்க வலமிருந்து எழுதி, உரக்கச் சொல்லி. இஸ்ரேலில் கையெழுத்துக்கு வேறு வடிவங்கள் உண்டு, அச்செழுத்தைப் போல இருக்காது. ஆனால் வேதத்துக்காகப் படித்தவர்கள் பெரும்பாலும் அச்சு வடிவத்தையே பார்த்து எழுதுவார்கள், உங்கள் தாத்தாவும் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆறு வாரம் கழித்து அந்தப் புத்தகத்தைத் திறந்து, ஓரத்தில் உள்ள பென்சில் குறிப்புகளில் சின்னதாக ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தாத்தா உயிர்க் குறி போடாமல் விட்டிருந்தால் பக்கத்தில் அச்சிலுள்ள சொல்லோடு ஒத்துப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அச்சும் ஓரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி.